சுவீடிய நூல்களும் தமிழும்: க. நா. சு.வின் மொழிபெயர்ப்புகளை முன்வைத்து

தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் 1988ஆம் ஆண்டு தொடங்கிய தொல்லியலாய்வு, களனிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞரும் சுவீடன் நாட்டு அறிஞரும் கூடி நடத்தியதாகும். அதன் பயனாக 1990இலும் 1994இலும் ஆய்வுத் தொகுதிகள் வெளிவந்தன. அரசன் கட்டிய குன்றையும் ஓவியம் தீட்டிய குகையையும் மட்டும் நோக்கி நின்றுவிடாது, குளத்தின் கீழ்க் குடியிருந்த உழவரையும் காட்டினுள் இரும்பை உருக்கிய தொழிலாளரையும் தேடிச் சென்றமை அவ்வாய்வின் தனிச் சிறப்பாகும். அலகொலவெவவுக்கு அருகிற் கண்டறியப்பட்ட பழைய இரும்புலைகள் அத்தேட்டத்தின் அரிய பேறுகளுள் ஒன்று. நெடுங்காலம் இரும்பினால் வாழ்ந்த நாட்டினர் இந்நாட்டு இரும்புலைகளிற் கருத்தூன்றியதில் வியப்பில்லை. அவர்கள் இம்மண்ணை இத்துணைப் பொறுமையுடன் படித்திருக்க, அவர்தம் நூல்களைத் தமிழர் எவ்வாறு படித்தனர் என்ற வினா இயல்பாகவே எழுகின்றது.

அவ்வினாவுக்கு விடை தேடுவார் முதலிற் சென்றடைவது க. நா. சுப்ரமண்யத்தினிடமேயாகும் (1912–1988). தமிழ் வாசகர் உலக இலக்கியமென்றால் ஆங்கில இலக்கியமென்றே எண்ணியிருந்த காலத்தில், ஐரோப்பாவின் வடகோடி நாடுகளின் பால் தீராத காதல் கொண்டவர் அவர். நோர்வே நாட்டுக் க்னூட் ஹாம்சனை 'நிலவள'மாகத் தந்த அவரே, சுவீடன் நாட்டுச் செல்மா லாகர்லெவின் பெருநாவலை 'மதகுரு' எனவும், அவ்வம்மையாரின் சிறுகதையொன்றைத் 'தேவமலர்' எனவும், பேர் லாகர்க்விஸ்டின் 'பாரபாஸ்' நாவலை 'அன்பு வழி' எனவும் தமிழாக்கினார். லாகர்லெவ் 1909இல் நோபெல் பரிசு பெற்றவர். இலக்கியத்திற்காக அப்பரிசினைப் பெற்ற முதற்பெண்மணி. லாகர்க்விஸ்ட் அதனை 1951இற் பெற்றார். எனினும் பரிசைக் கண்டு நூலைத் தெரிந்தவர் அல்லர் க. நா. சு. தாம் துய்த்த சுவையைப் பிறரும் துய்க்க வேண்டுமென்ற வேட்கையே அவரை இயக்கியது. விற்பனையை எண்ணியிருந்தால் இந்நூல்களை எவரும் தொட்டிரார்.

இம்மொழிபெயர்ப்புகள் ஆங்கிலத்தின் வழியாக வந்தவை. வழிநூலுக்கு வழிநூலாயமைந்த ஒன்றிற் குறை காண்பது எளிது. அக்குறை எவ்விடத்தில் நிகழ்கின்றது, எவ்விடத்தில் நிகழாது போகின்றது என்று காண்பதே திறனாய்வின் கடன். நூல்களின் தலைப்புகளையே முதலில் நோக்கலாம்.

லாகர்லெவின் நாவல் 1891இல் வெளிவந்தது. அதன் மூலத் தலைப்பு கதைத் தலைவனின் பெயரைக் கொண்டது. அவன் குடியினாற் பதவியிழந்த மதகுரு. பனியிற் கிடந்து சாகத் துணிந்தவனை எகபி என்னும் ஊரை ஆளும் மேஜரின் மனைவி மீட்கிறாள். பின்னர் அவனும் அவன் தோழர்களுமாகிய பன்னிருவர், தம்மை ஊட்டி வளர்த்த அவளையே துரத்திவிட்டு ஓராண்டுக் காலம் அவ்வூரைக் குடியும் கூத்துமாக ஆள்கின்றனர். கதை தொடங்கும்போதே குருத்துவம் போய்விடுகின்றது; எனவே 'மதகுரு' என்னும் பெயர் பொருந்தாதென்று கருதுவாருளர். ஆயின் இழந்த அந்நிலையே நாவல் முழுவதும் அவனை நிழல்போலத் தொடர்கின்றது. அவனிடம் இல்லாத ஒன்றையே அவனுக்குப் பெயராகச் சூட்டியது மொழிபெயர்ப்பாளரின் நுண்ணுணர்வைக் காட்டும்.

'அன்பு வழி' பற்றி அவ்வாறு கூறவியலாது. இயேசுவுக்குப் பதிலாக விடுதலை பெற்ற கள்வன் பாரபாஸ். தனக்காக ஒருவர் மாண்டார் என்ற செய்தி அவனை வாழ்நாள் முழுவதும் அலைக்கின்றது. நம்பவும் இயலவில்லை, மறக்கவும் இயலவில்லை. சுரங்கத்தில் அவனோடு ஒரே சங்கிலியிற் பிணைக்கப்பட்ட சகாக் என்னும் அடிமை, தன் கழுத்துத் தகட்டின் பின்புறத்தில் இயேசுவின் பெயரைப் பொறித்திருக்கிறான். பாரபாஸும் அதனை விரும்பித் தன் தகட்டிற் பொறித்துக்கொள்கிறான். உரோம அதிகாரி வினவும்போது சகாக் அப்பெயரை விடாது பற்றிச் சிலுவையில் மாள்கிறான். பாரபாஸின் தகட்டிலோ அப்பெயர் கத்தியாற் கீறி அழிக்கப்படுகின்றது. கீறப்பட்ட அத்தகட்டையே நாவலின் உயிர் எனலாம். இறுதியிற் சிலுவையில் அவன் தன் உயிரை ஒப்படைப்பது இறைவனிடமா, சூழ்ந்த இருளிடமா என்பதை ஆசிரியர் கூறாது விடுகிறார். தம்மைச் சமயப்பற்றுடைய நாத்திகர் என்று கூறிக்கொண்டவர் லாகர்க்விஸ்ட். அவர் மூடாது விட்ட கதவைத் தமிழ்த் தலைப்பு மூடிவிடுகின்றது. அன்பின் வழியைக் காணாது தவித்தவனின் கதை, அவ்வழியைக் காட்டும் நூலென வாசகன் கையிற் சேர்கின்றது. பாரபாஸ் என்ற பெயர் விவிலியமறியாத தமிழருக்கு ஒன்றும் உணர்த்தாதென்ற எண்ணம் இம்மாற்றத்திற்குக் காரணமாயிருக்கலாம். அதனை ஏற்றாலும் இழப்பு இழப்பே.

நடையை நோக்கின் நிலைமை தலைகீழாகின்றது. லாகர்க்விஸ்டின் வாக்கியங்கள் குறுகியவை; அணியற்றவை. க. நா. சு.வின் உரைநடையும் அலங்காரத்தை வெறுத்தது. ஆகவே இடையில் ஆங்கிலம் நின்றும் இருவரும் கைகோத்துக்கொண்டனர். லாகர்லெவோ கதைமாந்தரை விளித்தும், காட்டையும் ஏரியையும் பேசவிட்டும், பாட்டி கதை சொல்லும் பெருமூச்சோடு எழுதுபவர். அப்பெருக்குக்கு அடக்கமான ஒரு கை இயல்பாகப் பொருந்துவதன்று. 'தேவமலர்' சிறிதாதலின் இவ்வேறுபாடு அங்கு அத்துணை உறுத்துவதில்லை. கிறித்துமசு இரவிற் கள்வர் வாழும் காடு பூத்துக் குலுங்கும் காட்சி தமிழிலும் நெஞ்சை அள்ளுகின்றது.

ஆங்கிலத்தின் வழி வந்ததனால் நேர்ந்த பேரிழப்பு சொற்களில் உள்ளது. 'யோஸ்தா' என்று சுவீடியர் ஒலிக்கும் பெயர், எழுத்தைப் பார்த்துப் படிப்பவர் வாயிற் 'கெஸ்டா' ஆகிவிடும். இது சிறிது. 'புரூக்' என்ற சொல் பெரிது. இரும்பாலை, அதனைச் சூழ்ந்த காடு, வயல், தொழிலாளர் குடியிருப்பு, கோயில், ஆளுகின்ற முதலாளியின் மாளிகை ஆகிய அனைத்தும் சேர்ந்த ஓர் உலகையே அச்சொல் குறிக்கும். மேஜரின் மனைவி ஆண்டவை இத்தகைய ஏழு புரூக்குகள். ஆலை என்றால் மக்கள் மறைவர். பண்ணை என்றால் உலை மறையும். ஆங்கிலத்திலும் அச்சொல்லுக்கு நேரொன்றில்லை. தஞ்சை மண்ணிற் பிறந்த க. நா. சு.வுக்கு அது கிட்டாமையிற் பிழையில்லை. ஆயின் மாத்தளை மாவட்டத்துத் தமிழர் வாயில் 'தோட்டம்' என்ற சொல் வழங்கும் முறையை நோக்குக. அது செடி வளர்க்கும் இடத்தை மட்டும் குறிப்பதன்று. தொழிற்சாலை, லயம், கோயில், துரை பங்களா அனைத்தையும் அடக்கியது. எகபியின் விழாவும் பசியும், ஆள்பவளிடம் குடிகள் கொண்ட அச்சமும் அன்பும், அச்சொல்லை ஆள்வோருக்கு அகராதியின் துணையின்றியே விளங்கும்.

1980களுக்குப் பின் ஈழத்திலிருந்து சென்று சுவீடனிற் குடியேறிய தமிழர் பலர். அவர்தம் மக்கள் சுவீடிய மொழியிற் கல்வி கற்று வளர்ந்தவர்கள். லாகர்லெவை ஆங்கிலத்தின் துணையின்றிப் படிக்கும் தமிழர் இன்று உளர் என்பது க. நா. சு.வின் காலத்தில் எவரும் எண்ணிப் பாராதது. அவர்களுள் ஒருவர் 'மதகுரு'வை மூலத்தோடு ஒப்புநோக்கி மீண்டும் தமிழாக்க முற்படின், புரூக் என்னுமிடத்தில் எச்சொல்லை இடுவார் என்பதே முதலிற் பார்க்கத் தக்கது.