திரும்பிப் போகும் ஊருக்காக ஒரு நட்பு

மிஷனரி மாநாடுகளிலும் ஊழியப் பத்திரிகைகளிலும் சில ஆண்டுகளாக ஒரு வாதம் கைதட்டல் வாங்கி வருகிறது. கப்பலேற வேண்டாம், புதிய மொழி படிக்க வேண்டாம், எந்த அரசாங்கத்திடமும் விசாவுக்குக் கையேந்த வேண்டாம். சகல ஜாதிகளும் படிப்பதற்காக நம் வாசலுக்கே வந்துவிட்டார்கள். இங்கேயே அவர்களைச் சந்தித்துவிட்டால், ஊர் திரும்பும்போது சுவிசேஷமும் அவர்களோடு போய்ச் சேர்ந்துவிடும். உலக அளவில் சுவிசேஷப் பணியை ஒருங்கிணைக்கும் லொசான் இயக்கத்தார் இதைப் புலம்பெயர்ந்தோர் ஊழியத்தின் முக்கியமான கிளையாகவே வளர்த்திருக்கிறார்கள். 1953-இல் பாப் ஃபின்லி தொடங்கிய ‘இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட்ஸ்’ முதல் இன்டர்வார்சிட்டி வரை பல அமைப்புகள் அமெரிக்கப் பல்கலைக்கழக ஊர்களில் இதற்கென்றே முழுநேர ஊழியர்களை வைத்திருக்கின்றன. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 11 லட்சத்து 26 ஆயிரம் பேர். அவர்களில் இந்தியர் மட்டும் 3 லட்சத்து 31 ஆயிரம், சீனர்களையும் முந்திவிட்டார்கள். இந்த எண்களை மேடையில் வாசிக்கும் தொனி, அந்த வருஷத்து மகசூல் நிலவரம் சொல்வது போலவே இருக்கும்.

இந்த ஊழியத்தில் நல்லது இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆகஸ்டு மாதத்தில் இரண்டு பெட்டிகளோடு நள்ளிரவில் வந்திறங்கும் பையனுக்குப் பல்கலைக்கழகம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கும். காரோடு வந்து நிற்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பெரியவர்தான். பழைய மெத்தையும் மேசையும் இலவசமாகக் கொடுப்பது, கார் ஓட்டப் பழக்குவது, வரிப் படிவத்தை நிரப்ப உதவுவது, தேங்க்ஸ்கிவிங் நாளில் விடுதியே காலியாகிவிடும்போது வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுவது எல்லாம் உண்மையான உதவிகள். பெரிய சாட்சிகளும் உண்டு. பொறியியல் படிக்கப் போன பஞ்சாபி சீக்கிய இளைஞர் பக்த் சிங், 1929-இல் கனடாவின் வின்னிபெக்கில் கிறிஸ்தவரானார். அங்கே ஒரு தம்பதி அவரைத் தங்கள் வீட்டில் பிள்ளை போல வைத்துக்கொண்டார்கள். 1933-இல் நாடு திரும்பியவர், 1941-இல் சென்னையில் ‘யெகோவா ஷம்மா’ சபையைத் தொடங்கினார். அவர் எந்த மிஷனிடமும் சம்பளம் வாங்கவில்லை, எந்த மிஷனின் திட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை. அவரை இந்த ஊழியத்தின் சாதனையாகக் காட்டுகிறவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை என்பது ஒரு சின்னக் குறை. போகட்டும்.

என் மனத்தாங்கல் வேறு. இந்த வாதத்தில் மாணவன் ஒரு வழி. அவன் எங்கிருந்து வந்தான், எங்கே திரும்பப் போகிறான், அங்கே என்ன பதவிக்கு வருவான் என்பவைதான் அவனுடைய மதிப்பைத் தீர்மானிக்கின்றன. மூடிக்கிடக்கும் நாட்டிலிருந்து வந்தவன் என்றால் மதிப்பு கூடும். நாளைய அமைச்சர், நாளைய துணைவேந்தர் என்றால் இன்னும் கூடும். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனை விட்டுவிட்டு அவன் தோளுக்கு மேலாக அவன் ஊரைப் பார்க்கிற இந்தப் பார்வையை நட்பு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த ஊழியத்தின் ஆதரவாளர்கள் சொல்லும் எச்சரிக்கைக் கதை ஒன்று உண்டு. எகிப்திலிருந்து படிக்க வந்த சையத் குதுப் 1949-இல் கொலராடோவின் கிரீலி என்ற சிற்றூரில் இருந்தார். பின்னாளில் தீவிர இஸ்லாமிய அரசியலின் பெரும் சிந்தனையாளர் ஆனார். அன்றைக்கு ஒரு கிறிஸ்தவக் குடும்பம் அவரை வீட்டுக்கு அழைத்திருந்தால் வரலாறே மாறியிருக்குமே என்று முடியும் கதை. குதுப்பே எழுதிவைத்ததைப் படித்தால் கதை தலைகீழாகிறது. போன இடமெல்லாம் சர்ச் மன்றங்களில் சேர்ந்ததாக அவரே சொல்கிறார். கிரீலியில் ஆராதனை முடிந்ததும் பக்கத்துக் கூடத்தில் நடனம். போதகர் விளக்குகளைத் தணித்துவிட்டு, அந்தக் காலத்துக் காதல் பாட்டு ஒன்றைக் கிராமபோனில் போடுகிறார். இளைஞர்களைச் சபைக்கு இழுக்க இது ஒரு வழி என்பது போதகரின் எண்ணம். அந்த உத்தியைத்தான் குதுப் கண்டுகொண்டார், ஏளனத்தோடு எழுதினார். அவருடைய அரசியலுக்கு ஒரு நடனக்கூடத்தைக் காரணமாக்க நான் வரவில்லை. யாரும் அழைக்காமல் விட்டதால் அவர் அப்படி ஆகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மாணவனை ஒரு வழியாகப் பார்க்கும் இந்தப் பார்வை புதிதும் இல்லை. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைச் செமினரியையும் பிறகு மதுரை மிஷனையும் நடத்திய அதே ‘அமெரிக்கன் போர்டு’ மிஷன் சங்கம், 1817-இல் கனெக்டிகட் மாநிலத்தின் கார்ன்வால் என்ற ஊரில் அயல்நாட்டு மிஷன் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. ஹவாய்த் தீவுகளிலிருந்தும் சீனாவிலிருந்தும் செரோக்கி முதலான பூர்வகுடி இனங்களிலிருந்தும் வந்த வாலிபர்களைப் படிக்கவைத்துச் சொந்த மக்களிடம் திருப்பி அனுப்புவது திட்டம். ஊரார் காணிக்கை கொடுத்தார்கள், துணி தைத்துக் கொடுத்தார்கள், ஜெபித்தார்கள். 1824-இல் ஜான் ரிட்ஜ் என்ற செரோக்கி மாணவர், பள்ளி மேலாளரின் மகளை மணந்தார். மறு ஆண்டு எலியாஸ் பூடினாட் என்ற இன்னொரு செரோக்கி மாணவருக்கும் ஹாரியட் கோல்டு என்ற பெண்ணுக்கும் நிச்சயம் ஆன செய்தி வெளியானதும் ஊர் கொதித்தெழுந்தது. ஜெபக்கூட்டம் நடத்திய அதே ஊரில் அந்த ஜோடியின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். தீ வைத்தவர் ஹாரியட்டின் சொந்த அண்ணன். 1826-இல் பள்ளியை மூடிவிட்டார்கள். சகோதரனாகலாம், சாட்சியாகலாம், தன் இனத்துக்கு அப்போஸ்தலனாகவும் ஆகலாம். மருமகனாக மட்டும் ஆகக் கூடாது. திரும்பிப் போகப்போகிறவன் என்பதுதான் அந்த அன்புக்கு அடிப்படையாக இருந்திருக்கிறது. அவன் இங்கேயே வேர் பிடிக்கக்கூடும் என்று தெரிந்ததும் அந்த அன்பு நிலைக்கவில்லை.

இதைவிட நுட்பமான உதாரணம், பிராமணக் குடும்பத்தில் பிறந்த சமஸ்கிருத அறிஞர் பண்டித ரமாபாய். கணவரை இழந்த ரமாபாய் 1883-இல் மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு சிறு குழந்தை மனோரமாவையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்து போனார். வான்டேஜ் கன்னியர் மடம் இடம் கொடுத்தது. அதே ஆண்டு தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள். செவித்திறன் குறைந்திருந்ததால் மருத்துவம் கைகூடவில்லை. செல்ட்னம் மகளிர் கல்லூரிக்குப் போனார். அந்த மூன்று ஆண்டுகளில் அவருக்கும் அவருடைய ஆன்மிகத் தாயாக இருந்த சிஸ்டர் ஜெரால்டினுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து நூலாகவே வந்திருக்கிறது. அயல்நாட்டு மாணவர் ஊழியத்தில் இறங்குகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

முட்டை சேர்த்த புட்டிங்கை ரமாபாய் சாப்பிடமாட்டார்; சாதிப் பெருமை இன்னும் போகவில்லை என்று சிஸ்டருக்கு வருத்தம். அணியச் சொன்ன சிலுவையில் லத்தீன் எழுத்து இருந்தது. லத்தீன் எனக்கும் என் மக்களுக்கும் புரியாது, சமஸ்கிருதத்தில் எழுதக் கூடாதா என்று ரமாபாய் கேட்டார். திரித்துவம் பற்றி அவர் கேட்ட கேள்விகளுக்கு, கீழ்ப்படியக் கற்றுக்கொள் என்பதுதான் பெரும்பாலும் பதில். ஆண் மாணவர்களுக்கு ரமாபாய் பாடம் நடத்தலாமா என்ற பேச்சு எழுந்தபோதுதான் விஷயம் வெளிப்படையானது. லாகூர் பிஷப்பும் பம்பாய் பிஷப்பும் கூடாது என்றார்கள். காரணம், இந்தியா திரும்பிய பிறகு அவருடைய செல்வாக்கு கெட்டுவிடும், மிஷனுக்கு அவரால் பயன் குறைந்துவிடும். ஆறாயிரம் மைல் தள்ளி, இன்னும் நடக்காத ஒரு ஊழியத்துக்காக அவருடைய அன்றாட வாழ்க்கையை அளந்து கத்தரித்தார்கள். என் தந்தையும் கணவரும் தடுக்காததை நீங்கள் தடுக்கிறீர்களே என்று ரமாபாய் திருப்பிக் கேட்டார்.

அதே செல்ட்னமில் கல்லூரி முதல்வர் டொரதியா பீல் இருந்தார். அவரும் விசுவாசிதான், ரமாபாய் சபையின் கோட்பாட்டுக்குள் வர வேண்டும் என்று விரும்பியவர்தான். ஆனால் அவர் ரமாபாயின் கேள்விகளுக்குப் பதில் எழுதினார், வாதாடினார், ஆண்களுக்குப் பாடம் நடத்தலாமா என்ற விஷயத்தில் பிஷப்புகளுக்கு எதிராக ரமாபாயின் பக்கம் நின்றார். பின்னாளில் கேட்காவ் என்ற ஊரில் முக்தி மிஷனைக் கட்டிய ரமாபாயிடம் எந்த நட்பின் சாயல் தெரிகிறது என்று படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

விசுவாசமுள்ளவன் அதை மறைத்து வைத்துக்கொண்டு பழகினால் அதுதானே கபடம் என்று இந்த ஊழியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. யாரும் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டாம். நான் கிறிஸ்துவை நம்புகிறேன், நீயும் நம்ப வேண்டுமென்று ஆசைப்படுகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிடலாம். நேர்மையான மாணவன் அதை மதிப்பான். பல இடங்களில் நடப்பது வேறு. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்று அழைக்கிறார்கள். நான்காவது வாரம் பாடம் யோவான் சுவிசேஷமாகிவிடுகிறது. அந்த நான்காவது வாரத்தில், வேண்டாம் அங்கிள் என்று சொல்லிவிட்ட பையனை ஐந்தாவது வாரம் யார் காரில் அழைத்துப் போகிறார்கள்? என் கேள்வி அவ்வளவுதான். அழைக்கிறவர்கள் உண்டு, எனக்கும் தெரியும். அவர்கள் அமைப்பின் போக்கை மீறித்தான் அழைக்கிறார்கள்.

அமைப்பின் போக்கு எதனால் அப்படி என்றால், இந்த முழுநேர ஊழியர்களில் பெரும்பாலோர் தங்கள் சம்பளத்தைத் தாங்களே திரட்ட வேண்டியவர்கள். காணிக்கை தருகிறவர்களுக்கு ஜெபக் கடிதம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதில் வான்கோழி வைத்த மேசையைச் சுற்றிப் பழுப்பும் மஞ்சளுமாகச் சிரிக்கும் முகங்களின் படம் இருக்கும். கீழே, இந்தியாவிலிருந்து வந்த ‘ஆர்’ என்ற மாணவர் வேத பாடத்தில் ஆர்வம் காட்டுகிறார், அவருக்காக ஜெபியுங்கள் என்று ஒரு வரி. அந்த ‘ஆர்’ தன்னை ஒரு விண்ணப்பமாக எழுதி நானூறு வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று அறியமாட்டான். அறிந்தால், அந்த மேசையில் சாப்பிட்டது அவனுக்கு எப்படியிருக்கும்? சந்திப்புகளை எண்ணுகிறார்கள், நாடுகளை எண்ணுகிறார்கள், முடிவெடுத்தவர்களை எண்ணுகிறார்கள். எண்ணிக் காட்டியாக வேண்டியவனால் அடுத்தவனோடு சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. நல்ல மனிதர்களையே இப்படி ஆக்கிவிடுகிறது இந்த முறை.

ஊர் திரும்பிச் சுவிசேஷத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்ற கணக்கும் பலிப்பதில்லை. 1989 தியானன்மென் சதுக்கப் படுகொலைக்குப் பிறகு அமெரிக்காவில் இருந்த சீன மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் கிறிஸ்தவர்களானார்கள். அவர்களில் ஏராளமானோர் ஊர் திரும்பவேயில்லை. அங்கேயே குடியுரிமை பெற்றுச் சீனச் சபைகளைக் கட்டினார்கள். பின்னாளில் நாடு திரும்பியவர்களில் பலர் சீனாவிலுள்ள சபைகளில் நிலைக்கவில்லை என்று இந்த ஊழியத்தாரே கவலைப்படுகிறார்கள். அதற்குத் திரும்புவோர் பயிற்சி, கையேடு, தொடர் சந்திப்பு என்று இன்னும் மூன்று திட்டங்கள் போடுகிறார்கள். அமெரிக்க வரவேற்பறையில், அமெரிக்கத் தோழமையில், ஆங்கிலத்தில் கிடைத்த விசுவாசம் ஷாங்காயில் மாமியார் வீட்டில் ஏன் தடுமாறுகிறது என்பதற்குக் கையேட்டில் விடை இருக்காது.

நட்பைப் பற்றி நம் திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவர் உலகத்துக்கே சொன்னது உண்டு. வெள்ளாளன்விளை வே. ச. அசரியா, 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். மிஷனரிமாரின் தியாகத்தையெல்லாம் வரிசையாக ஒப்புக்கொண்டுவிட்டு, கடைசியில் அவர் கேட்டது நண்பர்களை. வேலை விஷயமாகப் பேசுகிறீர்கள், உங்கள் வீட்டு மேசையில் எங்களைச் சமமாக உட்காரவைப்பதில்லையே என்பது அவருடைய வருத்தம். மாநாட்டு அமர்வுகளுக்குத் தலைமை தாங்கியவர் ஜான் மோட். அடுத்த ஆண்டே, 1911-இல், அயல்நாட்டு மாணவர்களிடம் நட்புறவு பேணுவதற்கென்று மோட் ஒரு குழு அமைத்தார். இன்றைய அமைப்புகள் தங்கள் வம்சாவளியை அங்கிருந்துதான் சொல்கின்றன. அசரியா கேட்டது ஒரு குழுவையா?

வந்து இறங்கும் மாணவர்களில் ஏற்கனவே கிறிஸ்தவர்களாக இருப்பவர்களை இவர்கள் நடத்தும் விதத்தில் மாணவனை வழியாக மட்டும் பார்க்கும் இந்தப் போக்கு பளிச்சென்று தெரியும். அப்படி வருகிறவனிடம் என்ன இருக்கக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1986-இல் பத்திரிகையியல் படிக்க சோவியத் நாட்டின் மின்ஸ்க் நகருக்குப் போன நைஜீரிய மாணவர் சண்டே அடெலாஜா, எந்த வரவேற்பு ஊழியத்தின் துணையும் இல்லாமல் விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டிருந்து, 1990-களில் கீவ் நகரில் ஆயிரக்கணக்கான உக்ரைனியர் கூடும் சபையை உண்டாக்கினார். அவருடைய பிற்காலச் சர்ச்சைகள் தனிக் கதை. பிரசங்கம் செய்ய அவர் தன் ஊருக்குத் திரும்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வந்த நாட்டுக்கே சொல்ல அவரிடம் ஏதோ இருந்தது. பாளையங்கோட்டையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ அமெரிக்கா போகும் சி.எஸ்.ஐ. பையனிடமும் அப்படி ஏதேனும் இருக்கலாம். ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்தவன், பாடகர் குழுவில் பாடியவன், அப்பா சேகரக் கமிட்டியில் இருப்பவர். அவனிடம் ஒரு ஞாயிறு செய்தி கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். உங்கள் ஊர்ச் சபை எங்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்றாவது கேட்கலாம். சாப்பாடு முடிந்து அவனிடம் பெரும்பாலும் வரும் கேள்வி, கூடத் தங்கியிருக்கும் பையன்கள் இந்துக்களா, அடுத்த வெள்ளிக்கிழமை அவர்களையும் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்பதுதான்.