வாய்ப்புண்: வீட்டு வைத்தியத்தில் எதை வைப்பது, எதை விடுவது?

மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் போகும் வழியில் வாவியோரமாகக் கிடக்கிறது தன்னாமுனை. அங்கும் அயல் ஊர்களிலும் வாய்ப்புண் வந்தால் பெரியவர்கள் சொல்லும் முதல் காரணம் உடம்புச் சூடு. உறைப்பை நிறுத்து, இளநீர் குடி, மணத்தக்காளியில் பால்ச்சொதி வைத்துச் சாப்பிடு என்பார்கள். ஓரிரு கிழமையில் புண் ஆறிவிடும், வைத்தியத்துக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடும். அந்தப் பெயரில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதை நிறுத்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் நம் பகுதியில் இதில் விடும் பிழை சில வேளை உயிரையே கேட்கிறது.

திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருவது. உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி போன்ற மென்மையான இடங்களில் வட்டமாகத் தோன்றும். நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளை, சுற்றிலும் சிவந்த வளையம். தொட்டால் உயிர் போகும் வலி. பெரும்பாலானவை ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவானவை. 7 முதல் 14 நாட்களில் மருந்தில்லாமலே தழும்பின்றி ஆறிவிடும். எனவே எட்டாம் நாள் தேன் தடவியவருக்குத் தேனும், கீரை தின்றவருக்குக் கீரையும், ஒன்றும் செய்யாதவருக்குக் காலமும் வைத்தியராகிவிடும். ஆறியது என்பதால் மட்டும் ஒரு மருந்தின் திறமை உறுதியாகாது.

ஆனாலும் இந்த வைத்தியத்தில் நல்ல பகுதி உண்டு. உறைப்பும் புளிப்பும் புண்ணை எரியவைக்கும். அவற்றை விலக்குவது சரியான அறிவுரை. இளஞ்சூட்டு உப்புநீரில் கொப்பளிப்பதும் பாதுகாப்பானது. உணவுப் பகுதி இன்னும் முக்கியம். இரும்பு, போலிக் அமிலம், விற்றமின் பி12 ஆகியவற்றின் குறைபாடு சிலருக்குப் புண் திரும்ப வரக் காரணமாகிறது. கீரையில் போலிக் அமிலம் இருக்கிறது. வாவி மீனிலும் நண்டிலும் பி12 இருக்கிறது. கீரையை நெடுநேரம் அவித்து நீரை வடித்தால் போலிக் அமிலத்தில் பெரும்பங்கு போய்விடும். வறையாகச் சட்டென்று இறக்கினால் மிஞ்சும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீ இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். சூடு என்ற விளக்கம் இவற்றைச் சொல்லித் தருவதில்லை.

தீங்கான பகுதியும் உண்டு. கல்லுப்பையோ படிகாரத்தையோ நேரே புண்ணில் வைத்தால் புண் எரிந்து மோசமாகலாம். வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துக் குழந்தையின் வாயில் தடவும் வழக்கம் இதைவிட ஆபத்தானது. தேனும் வெங்காரமும் கலந்த குழம்பில் சூப்பியைத் தோய்த்துக் கொடுக்கப்பட்ட ஏழு குழந்தைகளுக்கு வலிப்பு வந்த செய்தி 1983இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் பதிவானது. ஒரு வயதுக்குள் தேனே கூடாது. இந்த வழக்கத்தை இன்றே கைவிட வேண்டும்.

பாமசியில் வாங்கும் விற்றமின் குளிசையையும் இதே தராசில் வைக்கலாம். 2009இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்றில் 58 பேர் கலந்துகொண்டார்கள். நாளுக்கு 1000 மைக்ரோகிராம் பி12 எடுத்தவர்களில் 74 வீதமானோர் ஆறாம் மாதத்தில் புண்ணில்லாமல் இருந்தார்கள். மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் 32 வீதமானோரே அப்படி இருந்தார்கள். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 160 பேரில் ஒரு பகுதியினருக்கு அன்றாடத் தேவையளவு கூட்டு விற்றமின் ஒரு வருடம் வரை கொடுக்கப்பட்டது, பலன் தெரியவில்லை. ஆகவே கண்டபடி விற்றமின் விழுங்குவதைவிட, இரத்தத்தைப் பரிசோதித்துக் குறை எதுவென்று கண்டு அதை நிரப்புவதே புத்தி. வலி தாங்க முடியாவிட்டால் வைத்தியர் எழுதித் தரும் ஸ்டீரொய்ட் பசை விரைவாக ஆற்றும். அடுத்த புண் வராமல் அதனால் தடுக்க முடியாது.

வீட்டு வைத்தியத்தின் ஆகப்பெரிய குறை, அதற்குக் கெடு இல்லாதது. எத்தனை நாள் பார்ப்பது, எப்போது வைத்தியசாலைக்குப் போவது என்று அது சொல்வதில்லை. இந்தக் குறை இங்கே ஆபத்தானது, ஏனெனில் வெற்றிலை வட்டா வைத்து விருந்தினரை வரவேற்கும் ஊர் நம்முடையது. புகையிலை சேராமலே பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் அறிவித்தது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாயிலும் அதையடுத்த பகுதிகளிலும் வருவதுதான். வெற்றிலையை அடக்கி வைக்கும் கன்னத்தில் அது வெள்ளைத் தடிப்பாகவோ சிவப்புத் திட்டாகவோ ஆறாத புண்ணாகவோ தொடங்கலாம். விரலால் தடவினால் விளிம்பு கெட்டியாக இருக்கலாம். ஆரம்பத்தில் வலி இல்லாமலும் இருக்கலாம். சாதாரணப் புண் வலிக்கும், ஆறும், பிறகு வேறிடத்தில் வரும். புற்றுநோய்ப் புண் இருந்த இடத்திலேயே இருக்கும். வலிக்காததைச் சூடு தணிந்ததாக எண்ணி மாதக்கணக்கில் கீரை தின்பவர், குணமாக்கக்கூடிய காலத்தை இழக்கிறார்.

ஆரம்ப சுகாதார ஊழியர்களைப் பயிற்றினால் அவர்களே வாயைப் பார்த்துச் சந்தேகத்துக்குரியவர்களைக் கண்டறிய முடியும் என்பதை இலங்கையில் நடந்து 1984இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அப்படிக் கண்டறிந்து மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் கணிசமானோர் போகவில்லை என்பதும் அதிலேயே பதிவாகியிருக்கிறது. கண்டுபிடிக்க வழி இருந்தது, பலர் போகத்தான் இல்லை.

ஆகவே கீரையையும் சொதியையும் உப்புநீரையும் வைத்துக்கொள்வோம். வெங்காரத்தையும் படிகாரத்தையும் விட்டுவிடுவோம். புண் கண்ட நாளைக் கலண்டரில் குறித்து, மூன்று கிழமை கெடு வைப்போம். அதற்குள் ஆறாவிட்டால் பற்சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் கூரான பல்லோ பொருந்தாத பல்செற்றோ காரணமாகலாம். அதையும் அங்கேயே காட்டலாம். புண்ணோடு கண் சிவத்தல், பிறப்புறுப்பில் புண், மலத்தில் இரத்தம், மெலிவு சேர்ந்து வந்தால் கெடு முடியும்வரை காத்திருக்கவே கூடாது. பரிகாரியாரும் பாமசிக்காரரும் வீட்டுப் பெரியவர்களும் மருந்து சொல்லும்போதே இந்தக் கெடுவையும் சேர்த்துச் சொன்னால், நம் வைத்தியம் தன் பெயருக்கு உண்மையிலேயே தகுதியானதாகும்.