மழைநாளும் சீட்டுக்கட்டும்

வடகிழக்குப் பருவமழை வலுத்துச் செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட, மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் முதலிய கரையோர ஊர்களில் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபடும் நாள்களில், சீட்டுக்கட்டு ஓர் அரிய துணை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் விரும்பி ஆடும் ‘கழுதை’ ஆட்டத்தில், 52 சீட்டுகளையும் பகிர்ந்தபின், ஒருவர் இறக்கிய இனத்தையே (ஸ்பேடு, ஆட்டீன், டைமண்ட், கிளாவர் என இனங்கள் நான்கு) மற்றவரும் இறக்க வேண்டும். அவ்வினம் கையில் இல்லாதவர் வேறு சீட்டால் ‘வெட்டினால்’, அவ்வினத்தில் பெரிய சீட்டைப் போட்டவர் அனைத்தையும் அள்ளிக்கொள்ள, இறுதியில் சீட்டு மீந்தவர் கழுதையாகிறார்.

நான்கு வயதுப் பிள்ளைக்கு இவ்விதிகள் சுமை.

அவ்வயதினருக்குச் சில இணைச் சீட்டுகளை மட்டும் தரையில் கவிழ்த்துவைத்து, இரண்டிரண்டாகத் திருப்பி, ஒரே எண்ணுடையவற்றைத் தேடச் செய்வதே பொருந்தும். நினைவை நம்பிய இவ்வாட்டத்தில், யாரும் விட்டுக்கொடுக்காமலேயே பிள்ளை பெரியவரை வெல்லக்கூடும் என்பதே இதன் தனி அழகு. ஏழாம் சீட்டில் 7 என்னும் எண்ணும் ஏழு குறிகளும் சேர்ந்தே அச்சாகியிருப்பதால், விரல் வைத்து எண்ணும் பிள்ளை எண்ணுருவையும் அளவையும் ஒருங்கே அறிகிறது. ஆளுக்கொன்றாகப் பகிர்வதும் கணக்கே, முறைக்குக் காத்திருப்பதும் கல்வியே. சீட்டு என்றதும் சூதை நினைந்து முகம் சுளிக்கும் வீடுகள் உண்டெனினும், பணம் வைக்காத ஆட்டத்தை அப்பழியால் விலக்குவது பிள்ளைகளுக்கே இழப்பு. தோற்ற பிள்ளையைக் கழுதையென்று கேலிசெய்வதை மட்டும் பெரியவர்கள் தவிர்க்க வேண்டும்.