காது காட்டும் ருசி

ஒரு விஸ்கிக்கு ஒரு பாட்டு என்று சோடி சேர்த்துச் சுவைப்பது பர்பன் என்ற அமெரிக்க விஸ்கியின் பிரியர்கள் சிலரிடையே இன்று காணப்படும் பழக்கம். கென்டக்கியின் லூயிவில் நகரில் 2017-இல் தொடங்கிய ‘பர்பன் அண்ட் பியாண்ட்’ விழா கச்சேரிக்கும் விஸ்கிக்கும் சேர்த்தே ஆள் திரட்டுகிறது. 2018-இல் பாப் டிலன் ‘ஹெவன்ஸ் டோர்’ விஸ்கியையும் மெட்டாலிகா குழு ‘பிளாக்கண்ட்’ விஸ்கியையும் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் வியாபாரம் என்று இதைத் தள்ளிவிடுவோர் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. விஸ்கிக்குள் ஏற்கெனவே இருக்கும் பல ருசிகளில் எதைக் கவனிப்பது என்று பாட்டு நம்மைத் திருப்பிவிடுகிறது. நாக்குப் பழகாதவருக்கு இதைவிட எளிய வழிகாட்டி கிடையாது. அந்த வேலையைச் செய்ய பாட்டுக்கு இடம் கொடுக்கிறார்களா என்பதில்தான் எனக்கு வழக்கு.

பர்பன் இதற்கு ஏற்ற சரக்கு. அமெரிக்கச் சட்டப்படி அதில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் கலனில்தான் ஊற வேண்டும். ஏற்கெனவே பயன்பட்ட பீப்பாய் ஆகாது என்பதால், மரம் தன்னிடம் உள்ளதில் பெரும்பங்கை முதல் சரக்குக்கே கொடுத்துவிடுகிறது. வனிலா மணம், சர்க்கரை கருகிய பாகின் வாசம், தேங்காயை நினைவூட்டும் ஓக் லாக்டோன், அடியில் கெட்டியான டிகாக்‌ஷனின் துவர்ப்பு. தானியக் கலவையில் ரை கூடினால் மிளகுக் காரம் தூக்கும். ‘மேக்கர்ஸ் மார்க்’ என்ற பர்பனில் உள்ளதுபோல ரைக்குப் பதில் கோதுமை சேர்ந்தால் காரம் தணியும். இத்தனையும் ஒரே மிடறில் வரும்போது எதைப் பிடிப்பது?

மேக்கர்ஸ் மார்க்கை முதலில் பாட்டில்லாமல் ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். கோப்பையை முகர்ந்து, நாக்கில் பரவவிட்டு, விழுங்கியபின் நெஞ்சில் இறங்கும் சூடு அடங்கும்வரை பொறுங்கள். பிறகு ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1949-இல் பாஞ்சோவில் மூன்று விரலால் வாசித்த ‘ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்’ ஓடட்டும். கம்பிகளின் கூர்மையான மேல்சுருதிக்குள் இரண்டாம் மிடறு போகும்போது எனக்கு வனிலாவும் சோளத்தின் இனிப்பும் முன்னால் வந்து நிற்கின்றன. அதே கோப்பை, அதே விஸ்கி. பாட்டை மட்டும் ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கரின் ‘பூகி சில்லன்’ ஆக்குங்கள். 1948-இன் பதிவு அது. ஒற்றை கிட்டார், தரையில் தட்டும் கால், தாழ்ந்த குரல். இப்போது ஈறுகளில் ஒட்டும் துவர்ப்பும் கருகிய மரமும்தான் தெரிகின்றன; இனிப்பு பின்னுக்குப் போய்விடுகிறது.

இது என் மனப்பிரமை மட்டுமல்ல. மேல்சுருதியை இனிப்போடும் கீழ்ச்சுருதியைக் கசப்போடும் மனிதர்கள் இணைக்கிறார்கள் என்று ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஸ்பென்ஸ் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். ஒரே மிட்டாயை இருவகை ஒலியோடு தின்னக் கொடுத்த அவர்களின் சோதனை 2012-இல் வெளியானது. ஆய்வாளர் ஏட்ரியன் நார்த் ஒயினை வைத்துச் செய்த சோதனையில், கனத்த இசை கேட்டவர்கள் ஒயினையும் கனமானது என்றே மதிப்பிட்டார்கள். நார்த் ஒரு பகுதியினருக்கு இசையே போடாமல் ஒயின் கொடுத்தார். ஒப்பிட அந்த மௌனம் இல்லையென்றால் முடிவுக்கு மதிப்பே இருந்திருக்காது.

விஸ்கியையும் பாட்டையும் சோடி சேர்க்கும் சுவை அமர்வுகள் கோட்டை விடுவது இங்கேதான். நான்கு விஸ்கி, நான்கு பாட்டு என்று வரிசை கட்டுகிறார்கள். கோப்பையும் பாட்டும் ஒரே நேரத்தில் மாறினால், உணர்ந்த வேறுபாடு எதனால் வந்தது என்று யார் சொல்ல முடியும்? போதாததற்கு, “இதில் செர்ரி வரும், இந்தப் பாட்டோடு இன்னும் தூக்கலாக வரும்” என்று நடத்துபவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். சொன்னபிறகு செர்ரி வராமல் இருக்குமா? மூன்றாவது கோப்பைக்குள் சாராயமே நாக்கை மழுங்கடித்திருக்கும். கடைசிச் சோடி எப்போதும் அபாரமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். சத்தம் இன்னொரு கேடு. பலத்த இரைச்சலில் இனிப்பு மங்கித் தெரிவதை கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு 2015-இல் காட்டியது. இனிப்பையே முதுகெலும்பாகக் கொண்ட பர்பனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று குடிப்பவர் அதன் பாதியை இழக்கிறார்.

பீப்பாய்க்கே இசை ஊட்டுவதாகச் சொல்வது தனிக் கதை. ‘பிளாக்கண்ட்’ தயாரிப்பில் மெட்டாலிகாவின் பாடல்களைத் தாழ்ந்த அதிர்வெண்ணில் பீப்பாய்களின் மேல் செலுத்துகிறார்கள். அதிர்வு திரவத்தை அசைக்கும், அசைவு மரத்தோடு உறவாட வைக்கும் என்பது கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அதிர்வூட்டிய சரக்கையும் ஊட்டாத அதே சரக்கையும் பெயர் மறைத்து அருகருகே ஊற்றிக் காட்டும்வரை, அந்தக் கூற்றுக்காக நான் கூடுதல் விலை கொடுக்க மாட்டேன்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது இசைக்கு நேரும் கதி. நான் பார்த்த அமர்வுகளின் பாட்டுப் பட்டியல்களில் பர்பன் என்றாலே மெதுவான, புகை மண்டிய ப்ளூஸ்தான். பழுப்பு நிறம், தோல் நாற்காலி, தனிமையில் ஒரு ஆண் என்ற விளம்பரப் படம் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறது, காது தேர்ந்தெடுப்பதில்லை. கென்டக்கியின் ரோசீனில் பிறந்த பில் மன்றோ வளர்த்த ப்ளூகிராஸ், மேல்சுருதியில் பாடும் குரலும் பாஞ்சோவும் ஃபிடிலும் கலந்த இசை, பர்பனின் சொந்த ஊர்க்காரன். இனிப்பை எடுத்துக்காட்ட அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. அதற்கு இடமில்லை, இடம்பெறும் ப்ளூஸுக்கும் மரியாதை இல்லை. ஹூக்கரின் மூன்று நிமிடப் பாட்டை அடுத்த புட்டி திறந்ததும் பாதியில் நிறுத்துகிறார்கள். அவர் வாசிப்பில் ஒரே தாளம் மறுபடி மறுபடி வந்து ஏறிக்கொண்டே போகும். அதை நடுவில் வெட்டினால் கேட்டவருக்குக் கிடைப்பது ஒரு பின்னணிச் சத்தம்தான். ஒரே விஸ்கி, இரண்டு பாட்டு, இரண்டும் முழுதாக, நடுவில் பாட்டில்லாத ஒரு மிடறு. இப்படி நடத்தும் அமர்வுக்குச் செலவும் குறைவு, குடியும் குறைவு.