தாய்மொழி என்னும் சொல்லும் கேளாத தத்துப்பிள்ளையும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை வீடுகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

மொழியியல் நூல்களில் 'தாய்மொழி' என்பது விளக்கம் வேண்டாத கலைச்சொல்லாகவே வழங்கிவருகிறது. குழந்தை தாயிடமிருந்து கேட்டுக் கற்கும் மொழி என்பதே அதன் உட்கிடை. இதனுள் இரண்டு எண்ணங்கள் பொதிந்துள்ளன. மொழியைத் தருபவள் பெற்றவள் என்பது ஒன்று. அது வந்து சேரும் வாயில் செவி என்பது மற்றொன்று. காது கேளாத குழந்தையை ஒரு குடும்பம் தத்தெடுக்கும்போது இவ்விரண்டும் ஒருசேர விழுந்துவிடுகின்றன. ஆயினும் அத்தகைய குடும்பத்தைக் கருதி ஆக்கப்படும் சொற்களும் மொழிபெயர்ப்புகளும் பெரும்பாலும் பழைய பொருளையே சுமந்துகொண்டு நடக்கின்றன.

இச்சிக்கல் மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியாகும். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே சென்றதேயன்றி, வீடுகளின் பேச்சுக்கு இடையே செல்லவில்லை. கொள்வினை கொடுப்பினையும் சந்தையும் இருபுறத்தையும் இன்றும் இணைக்கின்றன. பள்ளியில் மலையாளம், அடுக்களையில் தமிழ், அல்லது இரண்டும் கலந்த ஒரு நடை என்பதே இங்குள்ள பல வீடுகளின் நிலை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. எனவே தத்தெடுப்புத் தொடர்பான தாள்கள் தமிழில் எவ்வாறு அமைகின்றன என்பது வெறும் ஏட்டுச் சிக்கலன்று.

'தத்து' என்பது கொடுக்கப்பட்டது எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்தது. கொடுப்போரின் நிலையிலிருந்து பிறந்த சொல். சட்டத்தின் நோக்கும் அதுவே. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும் ஒப்படைத்தலையும், அதன்பின் இரண்டாண்டுக் காலம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை செய்யப்படும் கண்காணிப்பையும் வரையறுக்கின்றன. மக்கள் வழக்கிலோ தமிழிலும் மலையாளத்திலும் 'எடுத்து வளர்த்தல்' என்னும் தொடரே உயிருடன் உள்ளது. இது கையின் வினை. கேளாத குழந்தை புதிய வீட்டில் முதலில் படிப்பதும் கைகளையே. இத்தொடரை நாட்டுப்புற வழக்கு என்று ஒதுக்கிவிட்டு 'சுவீகாரம்' என எழுதும் மொழிபெயர்ப்பாளர் நட்டமே செய்கிறார்.

குறைபாட்டைச் சுட்டும் சொற்களில் எல்லைச் சிக்கல் இன்னும் கூர்மையானது. மலையாளத்தில் 'பொட்டன்' என்பது செவிடனையும் அறிவிலியையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் 'பொட்டைக்கண்' குருட்டைக் குறிக்கும். 'குட்டி' அங்கே குழந்தை. இங்கே விலங்கின் இளமை. 'சம்சாரிக்காத்த குட்டி' என்றால் அங்கே பேசாத குழந்தை. 'சம்சாரம்' என்ற சொல்லை மனைவிக்கு வழங்கும் தமிழ்க் காதுக்கு அது முற்றிலும் வேறாக ஒலிக்கும். எல்லை வீட்டார் இரு வழக்கும் அறிந்தவராதலின் தடுமாறமாட்டார். தடுமாறுபவர் தொலைவிலிருந்து மொழிபெயர்ப்பவரே. மலையாளத்தில் மதிப்புடன் வழங்கும் 'பின்னசேஷி' என்பதில் 'பின்ன' என்பது வேறுபட்ட எனப் பொருள்படுவது. அதனை ஒலிபெயர்த்து விட்டுவிட்டால் தமிழில் 'பின்னம்' என்னும் சொல் தரும் உடைவுப் பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. 'மாற்றுத்திறனாளி' இருக்க இவ்வொலிபெயர்ப்பு வேண்டுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதுகளிலும் 70 டெசிபெல் இழப்புடையோரைக் கேளாதோர் என்றும், 60 முதல் 70 வரை இழப்புடையோரைக் குறைவாகக் கேட்போர் என்றும் பிரிக்கிறது. இரண்டையும் 'செவித்திறன் குறையுடையோர்' என்ற ஒரே தொடருக்குள் அடைத்தால் சட்டம் செய்த வேறுபாடு மறைந்துபோகும்.

இவற்றினும் ஆழமான தடை 'கேள்' என்னும் வினையடியில் உள்ளது. தமிழில் அது செவியுறுதல், வினவுதல், கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் தாங்குகிறது. திருக்குறளின் 42ஆம் அதிகாரம் 'கேள்வி' எனப் பெயர் பெற்றிருப்பது கல்வியையே செவியின் பயனாகக் கண்ட மரபைக் காட்டும். மலையாளம் வினவுதலுக்குச் 'சோதிக்க' என்று வேறு வினையை வைத்துக்கொண்டது. கீழ்ப்படிதலை மட்டும் தமிழைப் போலவே 'கேள்க்க' என்பதில் நிறுத்திக்கொண்டது. இதன் விளைவு வீட்டில் தெரியும். 'சொன்னால் கேட்கமாட்டான்' என்னும் வாக்கியம் கேளாத பிள்ளையைப் பற்றி எழும்போது உடற்கூற்று உண்மையாகவும் குற்றச்சாட்டாகவும் ஒரே மூச்சில் நிற்கிறது. அதைச் சொல்பவர்க்கே எது என்று பிரித்தறிய இயலாது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்னும் பழமொழியும் குறையைப் பிடிவாதமாக ஆக்கிக் காட்டுவதே. அறிக்கைகளிலும் வழிகாட்டுரைகளிலும் 'கேள்' வரும் இடங்களைப் 'புரிந்துகொள்', 'வினவு', 'இணங்கு' எனப் பிரித்தெழுதுவது நடையழகுக்காக அன்று; பிள்ளையின் மீது பழி விழாமல் காப்பதற்காகவே.

விளியைப் பற்றியும் இவ்விடத்தில் கருதவேண்டும். தொல்காப்பியம் விளிக்கெனத் தனி இயல் வகுத்து, தொலைவிலுள்ளாரை அழைக்கும்போது ஒலி நீளுதலையும் கூறுகிறது. எல்லையின் இருபுறத்தும் ஒரு பிள்ளையையே 'மக்களே' என அழைக்கும் வழக்கு உண்டு. பன்மை வடிவம் அன்பின் ஒருமையாக நிற்பது இலக்கண ஆர்வலர்க்கு விருந்து. கேளாத பிள்ளையிடம் இவ்விளி செல்லாது. தோளைத் தொடுதல், பார்வைப் புலத்துக்குள் கையசைத்தல், தரையை மிதித்து அதிர்வு எழுப்புதல், விளக்கை அணைத்து ஏற்றுதல் ஆகியவையே அதற்குரிய விளிகள். இவற்றை வெறும் சைகைத் தந்திரங்களாகக் கருதுவது பிழை. அண்மை, சேய்மை, அவசரம், செல்லம் என்னும் வேறுபாடுகளை இவை காட்டவல்லன. விளிமரபின் எல்லை இங்கு ஒலிக்கு அப்பால் விரிகிறது.

இரு மொழி வீடுகளுக்கு வழங்கப்படும் அறிவுரைகளில் நெடுங்காலமாக நிலவுவது 'ஒரே மொழியில் பேசுக' என்பது. பள்ளி மொழி மலையாளமாதலின் வீட்டுத் தமிழை விடுக, கையசைவையும் விடுக, அப்போதுதான் பேச்சு வரும் என்பது அதன் கருத்து. 1880ஆம் ஆண்டின் மிலான் மாநாடு உலகெங்கும் பரப்பிய வாய்மொழிக் கொள்கையின் எச்சம் இது. மேபெரியும் உடனாய்வாளரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதனைப் பெரிதும் ஆட்டங்காணச் செய்தது. குழந்தைமையில் சைகைமொழியையோ பேச்சுமொழியையோ முழுமையாகப் பெற்றவர்கள் பின்னர்க் கற்ற மற்றொரு மொழியில் நன்கு தேர்ந்தனர். இளமையில் எம்மொழியும் வாய்க்காதவர்களே பின்தங்கினர். எனவே கேட்கவேண்டிய வினா 'எந்த மொழி' என்பதன்று, 'எப்போது' என்பது. தத்துப்பிள்ளைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். வீடு வந்து சேரும் முன்னரே காலத்தின் ஒரு பகுதி கழிந்திருக்கும். கேரள அரசின் 'சுருதிதரங்கம்' திட்டம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் செவிநத்தைக் கருவி பொருத்த உதவுகிறது. அவ்வயதைக் கடந்து வந்த பிள்ளைக்கு அவ்வழி எளிதில் திறப்பதில்லை. கருவி பொருத்தப்பெற்ற பிள்ளைக்கும் சைகைமொழி இடையூறன்று என்பதை டேவிட்சன், லில்லோ-மார்ட்டின், சென் பிச்லர் ஆகியோரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. அவ்வாய்வுக்குட்பட்டோர் சைகைமொழியர் வீட்டுப் பிள்ளைகள் என்பதனை மறக்கலாகாது. கேட்கும் பெற்றோர் வீட்டுக்கு அதனை அப்படியே நீட்டுவது மிகை.

கேட்கும் பெற்றோர் பிழைபடச் சைகை செய்தால் பிள்ளை எதனைக் கற்கும் என்னும் ஐயம் இயல்பானது. இதற்கு இரண்டு சான்றுகள் உள. கோல்டின்-மெடோவும் மைலாண்டரும் 1998இல் அமெரிக்க, சீனக் கேளாப் பிள்ளைகளின் வீட்டுச் சைகைகளை ஒப்பிட்டபோது, அவை தத்தம் தாயரின் கையசைவுகளைவிடக் கடல் கடந்த மற்றப் பிள்ளைகளின் சைகைகளையே அமைப்பில் ஒத்திருந்தன. அமைப்பு தாயிடமிருந்து வரவில்லை, பிள்ளையிடமிருந்தே எழுந்தது. 'தாய்மொழி' என்னும் சொல்லின் மேல் வைக்கத்தக்க மிகக் கடுமையான திறனாய்வு இதுவேயாகும். அடுத்து, சிங்கிள்டனும் நியூபோர்ட்டும் 2004இல் விவரித்த 'சைமன்' என்னும் புனைபெயருடைய சிறுவன், இளமை கடந்து சைகைமொழி கற்ற பெற்றோரின் ஒழுங்கற்ற வடிவங்களைக் கொண்டே ஒழுங்கான இலக்கணத்தை ஆக்கிக்கொண்டான். அப்பெற்றோர் கேளாதோர், அன்றாடம் சைகைமொழியிலேயே வாழ்ந்தவர். வாரத்தில் ஒருநாள் பயிற்சி பெறும் நெய்யாற்றின்கரைப் பெற்றோர் அவர்க்கு நிகராகார். ஆயினும் பிழைக்கு அஞ்சிக் கையை மடக்கிக்கொள்வதைவிடப் பிழையுடன் கை நீட்டுவதே பிள்ளைக்கு ஏதேனும் தரும்.

திருவனந்தபுரத்தில் 1997இல் நிறுவப்பட்ட தேசியப் பேச்சு கேள்வி நிறுவனம் இவ்வீடுகளுக்கு எட்டும் தொலைவில் உள்ளது. அந்நிறுவனம் 2021இல் வெளியிட்ட மலையாள விரலெழுத்து பள்ளிக்குப் பெரிதும் உதவும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் தமிழ் எழுத்து மட்டும் அறிந்த பாட்டிக்கும் உதவாது. புதுதில்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதி 2018இல் 3,000 சொற்களுடன் தொடங்கி 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. அரிய முயற்சி. ஆனால் ஆங்கில, இந்தித் தலைச்சொற்களுக்குச் சைகை காட்டும் முறையில் அது தொடங்கியதால் சைகைமொழியின் தொடரமைப்பு அதில் பின்தங்குகிறது. செசான் காட்டியவாறு இந்தியச் சைகைமொழியில் ஒரே வினாச் சைகை தொடரின் இறுதியில் நின்று, இடம், முகம் முதலியவற்றுடன் சேர்ந்து எங்கே, யார் என்னும் பொருள்களைத் தருகிறது. தமிழில் எகரம் சொல்லின் முதலில் நின்று எங்கே, எப்போது, எது எனப் பெருகுவதை எண்ணினால் தமிழ் வீட்டார்க்கு இது விரைவில் விளங்கும். அவ்வொப்புமையைத் தலைச்சொல் அட்டவணை காட்டமாட்டாது.

பெண்ணை மூக்குத்தியின் இடத்தாலும் ஆணை மீசையாலும் சுட்டும் அம்மொழி, வீட்டுக்குள் வந்ததும் உறவுப்பெயர்களில் கிளைக்கத் தொடங்கும். இப்பகுதியில் பாம்படம் அணிந்து நீண்ட காதுடைய பாட்டியைப் பிள்ளை தன் காது மடலை இழுத்துக் காட்டிச் சுட்டுமாயின், அச்சைகை எந்த அகராதியிலும் இராது. கேளாத பிள்ளை காதைக் கொண்டே ஆக்கிய அப்பெயரைப் பாட்டி முதலில் ஏற்றுத் திரும்பக் காட்டுகிறாளா என்பதையே களஆய்வாளர் குறித்துக்கொள்ளவேண்டும்.