நீரை நோக்கி இறங்கும் கலைமனை

கவிதையில் உவமை பொருளை விளக்குவதும் உண்டு; பொருளை மறைத்துத் தானே முன்னிற்பதும் உண்டு. கட்டடக் கலையிலும் இவ்விரு நிலைகளையும் காண்கிறோம். இயற்கையைத் தழுவிய கட்டடம் என்று பலவற்றைப் புகழ்கிறோம். ஆயின் அது தழுவியது இயற்கையின் உருவத்தையா, அதன் ஒழுக்கத்தையா என்று நாம் வினவுவதில்லை. நீர்க்கரையில் அமைந்த இரு கலைமனைகளைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

முதலாவது, சிட்னித் துறைமுகத்தில் எழுந்துள்ள ஆப்பரா ஹவுஸ். டென்மார்க் நாட்டவரான யோர்ன் உட்சன் 1957-இல் அனைத்துலகப் போட்டியில் வென்று படைத்த வடிவம் இது. அதன் கூரைகளைக் கப்பற்பாய் என்பாரும் உளர். கிளிஞ்சல் என்பாரும் உளர். ஒரே பழத்தின் தோலைப் பல துண்டுகளாக உரித்தாற்போல, அவ்வளைவுகள் அனைத்தையும் ஒரே கோளத்தினின்று பெறலாம் என்று கண்டது உட்சனின் நுண்ணறிவு. இதன் அழகை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

எனினும் உள்ளே நிகழ்ந்தது வேறு. அரசுடன் ஏற்பட்ட பிணக்கால் உட்சன் 1966-இல் விலகினார். 1973-இல் அரங்கம் திறக்கப்பட்டது. இடையே, இசை நாடகத்திற்கும் இசைக் கச்சேரிக்கும் பொதுவென எண்ணப்பட்ட பெரிய கூடம் கச்சேரிக்கே உரியதாயிற்று. இசை நாடகம் சிறிய கூடத்திற்குச் சென்றது. அங்கே வாத்தியக் குழுவினர் அமரும் பள்ளம் மிக நெருக்கமானது. கட்டடத்திற்குத் தன் பெயரை ஈந்த கலைக்கே அதனுள் இடம் சுருங்கிற்று. இக்குறை முழுவதையும் உட்சன்மேல் ஏற்றுவது முறையன்று. ஆயினும், வெளியுருவம் முந்திவிட்டால் உள்வாழ்வு அதற்கு அடங்கிப் போக நேரிடும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது மனை நமக்கு அண்மையிலேயே, போபால் நகரில் உள்ளது. பெரிய ஏரியின் கரைச்சரிவில் சார்லஸ் கொரியா அமைத்த பாரத் பவன் 1982-இல் திறக்கப்பட்டது. பாய், சிப்பி, மலர் என எதன் சாயலும் அதற்கு இல்லை. மேலுள்ள சாலையிலிருந்து நோக்குவோர் கண்ணிற்குக் கட்டடமே பெரிதாகப் புலப்படாது. உள்ளே புகுந்தால், படிப்படியாக இறங்கும் திறந்த மேல்தளங்கள்; அவற்றிடையே தாழ்ந்த முற்றங்கள்; முற்றங்களைச் சூழ்ந்து காட்சிக்கூடங்கள், அரங்குகள், நூலகம். கூரைமேல் நீட்டிக்கொண்டு நிற்கும் கூண்டுகள் வழியே வெளிச்சமும் காற்றும் கீழே இறங்குகின்றன. சரிவின் போக்கே கட்டடத்தின் போக்கு. குளத்துப் படித்துறையில் கால் பழகிய நமக்கு இவ்விறக்கம் புதிதன்று.

பிறிதொன்றும் எண்ணத் தக்கது. பெரிய ஏரி தானே தோன்றியதன்று. 11-ஆம் நூற்றாண்டில் போஜ மன்னன் கரை கட்டி அமைத்ததாகக் கூறப்படுவது. மனிதன் நிலத்தின் தாழ்வறிந்து நீரைத் தேக்கினான். அதுவே நாளடைவில் இயற்கையாகி விட்டது. கொரியாவும் அவ்வழியிலேயே சென்றார் எனலாம்.

இவ்வமைப்பிற்கும் அதனுள் வாழ்ந்த கலைக்கும் உறவு உண்டு. அங்குள்ள 'ரூபங்கர்' கலைக்கூடத்தை உருவாக்கியவர் ஓவியர் ஜெ. சுவாமிநாதன், தமிழ்க் குடும்பத்தவர், 1928-இல் சிம்லாவில் பிறந்தவர். நகரத்து நவீன ஓவியத்திற்கும் பழங்குடியினரின் படைப்பிற்கும் ஒத்த மதிப்பளித்து, இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்தார் அவர். பாட்டன்கட் என்னும் சிற்றூரிலிருந்து வந்த கோண்டு இளைஞர் ஜங்கட் சிங் சியாமின் தூரிகை உலகறிய வழி பிறந்ததும் இங்கேதான். படியேறி அண்ணாந்து வணங்க வேண்டிய மாளிகையாக இருந்திருப்பின், அக்கலை விருந்தாளியாகவே நின்றிருக்கும். இறங்கிச் செல்லும் முற்றத்தில் அது வீட்டாராயிற்று.

குறை இல்லையோ எனின், உண்டு. இறங்கியவர் மீண்டும் ஏறியாக வேண்டும். முதியோர்க்கு அது எளிதன்று. திறந்த தளங்களில் மத்தியப் பிரதேசத்து வேனிற்காலத்து நண்பகலில் கால்வைக்க இயலாது. மாலையிலும் மழைக்குப் பின்னருமே அவை மனிதர்க்கு உரியவை. ஆயினும் இவை நிலத்தையும் பருவத்தையும் ஒட்டி வரும் குறைகள். நேரமறிந்து சென்றால் பெரும்பாலும் நீங்குபவை. கலைக்கு இடம் சுருங்கிய குறையோ எந்நேரத்திலும் நீங்காது.

இவ்வாராய்ச்சி நமக்கும் பயன்படும். பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நாம் சங்கத்திற்கென மன்றம் எழுப்ப முனையும்போது, முகப்பில் சுதையாலான சிறு கோபுரத்தை ஒட்டிவிட்டால் தமிழ்மை வந்துவிட்டதெனக் கருதுகிறோம். அஃது உருவத்தைத் தழுவுதலே. நம் பிள்ளைகள் ஓடியாட ஒரு முற்றம், மூதாட்டியர் அமர்ந்து பேச ஒரு திண்ணை, இவ்வூர்க் குளிரையும் வெயிலையும் அறிந்த ஒரு சாளரம், அண்டை வீட்டாரும் தயக்கமின்றி நுழைய ஒரு வாயில் ஆகியவற்றை முதலில் வரைவோம். கோபுரம் வேண்டுமா என்பதைப் பின்னர் முடிவு செய்யலாம்.