யாப்புத் தேர்ச்சியும் எழுத்து வளர்ச்சியும்: கனகசுப்புரத்தினம் பாரதிதாசனாக வளர்ந்த படிநிலைகள்

ஆய்வுச் சுருக்கம்

புதுவைக் கல்வே கல்லூரியில் தமிழ் பயின்ற கனகசுப்புரத்தினம், பாரதிதாசன் என்னும் கவிஞராக வளர்ந்த போக்கை இக்கட்டுரை ஆராய்கிறது. பாரதியைக் கண்டதும் அவர் புலமை மரபைக் கைவிட்டுப் புதுநெறிக்கு மாறினார் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அவருடைய தொடக்ககாலப் படைப்புகளைக் கால வரிசையில் வைத்து நோக்கும்போது வேறொரு போக்கு புலப்படுகிறது. வடிவம், மொழி, நோக்கு ஆகிய மூன்றும் அவரிடம் வெவ்வேறு காலங்களில் முதிர்ந்தன. முன்னது அழியாமல் பின்னதற்கு அடித்தளமாயிற்று. கல்லூரிகளில் நடைபெறும் எழுத்துப் பயிற்சியை மதிப்பிடுவதற்கும் இம்முடிவு துணைபுரியும்.

திறவுச்சொற்கள்: பாரதிதாசன், கல்வே கல்லூரி, கலிவெண்பா, சஞ்சீவி பர்வதத்தின் சாரல், எழுத்துப் பயிற்சி.

முன்னுரை

ஒரு மாணவர் எழுத்தாளராக வளர்வதை அவர் எழுதிய இறுதிப் படைப்பைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. அவர் எதைக் கற்றார், கற்றதில் எதை வைத்துக்கொண்டார், எதை மாற்றினார் என்பவற்றைப் படிப்படியாகக் காணவேண்டும். இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற சான்று பாரதிதாசன். 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் புதுச்சேரியில் பிறந்த அவர், பாடத்திட்டம் சார்ந்த கல்வியையும் ஒரு பெருங்கவிஞரின் நேரடித் தொடர்பையும் அடுத்தடுத்துப் பெற்றவர். இவ்விரண்டும் அவருடைய எழுத்தில் எவ்வாறு செயற்பட்டன என்பதே இங்கு எழும் வினா.

கல்லூரி தந்தது

திருப்புளிசாமி ஐயா, பங்காரு பத்தர், பு.அ. பெரியசாமிப் பிள்ளை ஆகியோரிடம் கனகசுப்புரத்தினம் தமிழ் பயின்றார். கல்வே கல்லூரியில் பயின்று, பதினேழாம் வயதில் புலவர் தேர்வில் முதல் நிலை பெற்றார். 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் தமிழாசிரியராகப் பணியேற்றார். அக்காலப் புலமைக் கல்வியின் உயிர்நாடி யாப்பு. சீரும் தளையும் பிழையாமல் செய்யுள் இயற்றுவதே எழுதத் தெரிந்தமைக்கு அடையாளமாகக் கருதப்பட்டது. யாருக்காக எழுதுவது, எதைச் சொல்வது என்னும் வினாக்களுக்கு அக்கல்வியில் முதன்மை இல்லை. எனவே பணியேற்ற காலத்தில் அவரிடம் முழுமையாக இருந்தது வடிவத் தேர்ச்சி ஒன்றே.

பாரதியிடம் கற்றது

1908 முதல் 1918 வரை பாரதி புதுவையில் வாழ்ந்தார். வேணு நாயக்கர் திருமண விருந்தில், பாரதி இருப்பதை அறியாமலே அவருடைய பாடலைக் கனகசுப்புரத்தினம் பாடியதும், அதன்வழி இருவரும் அறிமுகமானதும் பலராலும் எடுத்துரைக்கப்பட்ட செய்திகள். பின்னர், நண்பர்கள் முன்னிலையில் ஒரு பாட்டு எழுதுமாறு பாரதி பணித்தார். எழுதிய பாட்டைச் சுதேசமித்திரனுக்கும் அனுப்பினார். பயிற்சி நோக்கில் இந்நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. தேர்வாளர் ஒருவருக்காக எழுதிப் பழகிய மாணவரின் எழுத்து, முதன்முறையாக, கூடியிருந்த கேட்போரையும் முகமறியா வாசகரையும் நோக்கித் திரும்பியது. கேட்டவுடன் பொருள் விளங்கவேண்டும் என்னும் கட்டாயம் மொழியை எளிமையாக்கியது. பாரதியிடமிருந்து அவர் பெற்ற முதற்பேறு இதுவே.

இடைக்காலப் படைப்பு

பாரதியின் தொடர்பு அவருடைய நோக்கையும் உடனே மாற்றியிருக்குமாயின், அடுத்து வந்த நூல் வேறாக இருந்திருக்கும். ஆனால் 1926இல் வெளிவந்தது ‘மயிலம் ஸ்ரீ சுப்பிரமணியர் துதியமுது’. பாரதி மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த இந்நூலின் பொருள் முருக பக்தி. பிற்காலப் பகுத்தறிவுக் கவிஞரை மட்டும் மனத்திற்கொள்வோர் இதனைத் தேக்கம் எனக் கருதக்கூடும். வளர்ச்சி வரலாற்றில் இதற்கு உரிய இடம் உண்டு. பழைய பொருளை எளிய மொழியில் பாடிப் பார்க்கும் பயிற்சி இதில் நிகழ்கிறது. மொழி முன்னேறிவிட்டது, நோக்கு இன்னும் மரபிலேயே நிற்கிறது.

மூன்றும் கூடிய இடம்

1920களின் பிற்பகுதியில் தன்மதிப்பு இயக்கத்தோடு ஏற்பட்ட தொடர்பு அவருக்குத் தனி நோக்கை அளித்தது. 1930இல் வந்த ‘சஞ்சீவி பர்வதத்தின் சாரல்’ இதற்குச் சான்று. மூலிகையின் ஆற்றலால் உலகின் பல பகுதிகளில் பேசுவோரின் குரல்களைக் குப்பனும் வஞ்சியும் கேட்கின்றனர். அனுமன் மலையைப் பெயர்த்த கதையைப் பாகவதர் ஒருவர் சொல்லக் கேட்ட குப்பன், தான் நிற்கும் மலையே பெயர்க்கப்படுவதாக அஞ்சுகிறான். வஞ்சி அவனைத் தெளிவிக்கிறாள். புராண நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கும் இப்படைப்பின் யாப்பு கலிவெண்பா. மாமுன் நிரையும், விளமுன் நேரும், காய்முன் நேரும் வரவேண்டும் என்னும் வெண்டளைக் கட்டுப்பாட்டுக்குள் இருவரின் உரையாடலும் இயல்பாகச் செல்கிறது. கல்லூரியில் பெற்ற தேர்ச்சி கைவிடப்படவில்லை என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

பாரதி புதுவையில் இயற்றிய குயில் பாட்டும் கலிவெண்பாவே. கட்டுக்கோப்பான யாப்பில் எளிய மொழியால் கற்பனைக் கதை சொல்லும் நெறிக்கு அது முன்மாதிரியாக நின்றது. எனினும் மாணவர் ஆசிரியரைப் படியெடுக்கவில்லை. குயில் பாட்டு தன் உட்பொருளை வேதாந்தமாக விரித்துக் காணும் பொறுப்பைப் புலவரிடம் விட்டு முடிகிறது. சஞ்சீவி பர்வதத்தின் சாரல் தன் கருத்தை வெளிப்படையாகவே சொல்லி முடிகிறது.

இவ்வெளிப்படைத் தன்மையில் ஒரு குறையும் உண்டு. அயல்நாட்டார் குரல்களும் வஞ்சியின் அறிவுரையும் சில இடங்களில் கதையிலிருந்து விலகி மேடைச் சொற்பொழிவாக நீள்கின்றன. 1937இல் வந்த ‘புரட்சிக்கவி’ இக்குறையைக் கடக்கிறது. பில்கணன் கதையைத் தழுவிய அப்படைப்பில், கொலைக்களத்தில் நிற்கும் உதாரன் மக்களை நோக்கிப் பேசுகிறான். அப்பேச்சு நீண்டதே; ஆயினும் பேசுபவன் உயிர் அதனைச் சார்ந்திருப்பதால் அது கதையின் உச்சமாகிறது. சொற்பொழிவைத் தவிர்க்காமல் அதற்குரிய சூழலை அமைத்துக்கொண்டதே ஏழாண்டுகளில் கண்ட வளர்ச்சி.

எழுத்துப் பயிற்சிக்கான பொருத்தப்பாடு

வில்லியனூர், பாகூர் முதலிய புதுவை ஊர்ப்புறங்களிலிருந்து இன்று கல்லூரிக்கு வரும் மாணவரின் எழுத்து பெரும்பாலும் பருவத் தேர்வு விடைத்தாளில் மதிப்பிடப்படுகிறது. பிழையின்மை, தெளிவு, சொந்தக் கருத்து ஆகிய மூன்றும் ஒரே தாளில், ஒரே வேளையில் எதிர்பார்க்கப்படுகின்றன. இம்மூன்றும் ஒருசேர முதிர்வதில்லை என்பதைப் பாரதிதாசன் வரலாறு காட்டுகிறது. தேர்வில் முதல் நிலை பெற்றவருக்கே, தம் நோக்கைத் தம் மொழியில் நிறுவ இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1926இன் துதி நூலை மட்டும் கொண்டு மதிப்பிட்டிருந்தால் 1930இன் கவிஞரை எவரும் முன்னறிந்திருக்க இயலாது. ஆகவே பருவந்தோறும் எழுதியவற்றைத் தொகுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நிகழ்ந்த மாற்றத்தை ஆசிரியர் நோக்குவது பொருந்தும். வகுப்புக்கு வெளியிலும் வாசகர் ஒருவரையேனும் மாணவருக்குத் தேடித் தருவதும் வேண்டும்.

முடிவுரை

கல்வே கல்லூரி கனகசுப்புரத்தினத்துக்கு வடிவத்தைத் தந்தது. பாரதியின் தொடர்பு கேட்போரையும் எளிய மொழியையும் தந்தது. சமூக இயக்கம் நோக்கைத் தந்தது. இவற்றுள் ஒன்று மற்றொன்றை நீக்கவில்லை. பாரதியின் பெயரைத் தம் பெயரில் ஏற்றவர், தம் பழைய ஆசிரியர்கள் கற்பித்த வெண்டளையையும் இறுதிவரை விடவில்லை. மரபா புதுமையா என்னும் இருமையில் வைத்து அவரை விளக்கும் திறனாய்வு இவ்வுண்மையைத் தவறவிடுகிறது. யாப்புப் பயிற்சியைப் படைப்பாற்றலுக்குத் தடை எனக் கருதும் பாடத்திட்டமும், அதுவே போதும் எனக் கருதும் பாடத்திட்டமும் அவருடைய தொடக்ககாலப் படைப்புகளிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை உள்ளன.